பிரித்தாலும் சேர வேண்டும்
ஊடக இயக்கியில் ஒலிப்பகுப்பு

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் உள்ள தேயிலைத் தொழிற்சாலைக்குச் செல்வோர், கொழுந்து தேயிலைத் தூளாக மாறும் படிநிலைகளை வரிசையாகக் காணலாம். பறித்த கொழுந்து முதலில் வாட்டப்படும், பின்னர் உருட்டி நசுக்கப்படும், காற்றுப்பட்டு நிறம் மாறும், வெப்பத்தில் உலர்த்தப்படும். இறுதியாக, உலர்ந்த தூள் அதிரும் சல்லடைகளின் மீது ஓடும். பெரிய துகள் மேலே நிற்கும். சிறிய துகள் அடுத்த சல்லடைக்கு இறங்கும். மாவு போன்ற தூள் அடியில் சேரும். 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டங்களானாலும், பிற தோட்டங்களானாலும், அளவுக்கேற்பத் தரம் பிரிக்காமல் தேயிலை சந்தைக்கு வருவதில்லை.

ஒலியையும் இவ்வாறு சலிக்க முடியும். கணினியிலோ திறன்பேசியிலோ இயங்கும் மென்பொருளே அந்தச் சல்லடையாகவும் அமைய முடியும். ஆனால், ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சலித்த தேயிலை தனித்தனிப் பொட்டலங்களுக்குப் போய்விடும். சலித்த ஒலியோ கேட்பவரின் காதில் மீண்டும் ஒன்றாகச் சேர்ந்தாக வேண்டும். சேர்ந்த பின், பிரித்த தடமே தெரியக்கூடாது.

ஒரே ஒலிபெருக்கி போதாதா?

மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களைக் கேட்கவல்லது. திருவிழாவில் முழங்கும் உறுமியின் அடித்தொனி இந்த வரிசையின் தொடக்கத்தில் இருக்கும். ஜால்ராவின் கிணுகிணுப்பு அதன் மேற்பகுதியில் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 சென்டிமீட்டர் மட்டுமே.

இவ்வளவு வேறுபட்ட அலைகளை ஒரே கூம்பினால் செம்மையாக எழுப்புவது கடினம். தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய கூம்பு தேவை. உயர்ந்த ஒலிக்கு ஒரு நொடியில் பல்லாயிரம் முறை அசைய வேண்டும். அதற்கு இலேசான சிறு தகடு தேவை. ஆகவே, நல்ல ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் குறைந்தது இரண்டு கருவிகள் இருக்கும். தாழ்ந்த ஒலியை எழுப்புவது வூஃபர். உயர்ந்த ஒலியை எழுப்புவது டுவீட்டர்.

எந்த அதிர்வெண்ணை எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று பிரித்துக் கொடுக்கும் அமைப்பு கிராஸ்ஓவர் எனப்படும். இங்கு அதனை ஒலிப்பகுப்பி என்று குறிப்பிடலாம். அது பிரிக்கும் எல்லை வெட்டுப்புள்ளி எனப்படும். இரண்டு கருவிகள் கொண்ட பெட்டிகளில் அந்த எல்லை பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி அமையும்.

வெட்டுப்புள்ளியும் தமிழ் ஒலியும்

இந்த இடம் தமிழ் பேசுவோருக்கு மிக முக்கியமானது. தமிழில் ல, ள, ழ ஆகிய மூன்றும் பொருளை மாற்றும் ஒலிகள். ‘வால்’, ‘வாள்’, ‘வாழ்’ என்னும் சொற்களில் இறுதி எழுத்து மட்டுமே வேறு. அவற்றை ஒலிக்கும்போது நாக்கின் நிலை மாறுகிறது. நாக்கின் நிலை மாறுவதால் வாயறைக்குள் ஒலி வலுப்பெறும் அதிர்வெண்களும் மாறுகின்றன. இந்த மாற்றம் பெரிதும் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் நிகழ்கிறது. தமிழின் இவ்வொலிகள் பிறக்கும்போது நாக்கு கொள்ளும் வடிவத்தையும் அவற்றின் ஒலியியலையும் ஸ்ரீகாந்த் நாராயணன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்து, 1999ஆம் ஆண்டு அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டுள்ளனர்.

ஆக, ஒலிப்பகுப்பி கைவைக்கும் இடமும், தமிழின் சிறப்பொலிகள் தம் அடையாளத்தைக் காட்டும் இடமும் ஏறத்தாழ ஒன்றே. அந்த இடத்தில் பிரிப்பும் சேர்ப்பும் பிழைபட்டால், ஒலி உரக்கக் கேட்கும். சொல் தெளிவாகக் கேட்காது. தோட்ட மண்டபத்தில் ஒரு மாணவி மேடையேறி ‘வாழ்க’ என்று சொல்லும்போது, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டிக்கு அது ‘வால்க’ என்பதுபோல் கேட்டால், குறை மாணவியின் உச்சரிப்பில் இல்லாமலும் இருக்கலாம்.

கம்பிச்சுருளிலிருந்து கணக்கிற்கு

தொடக்கத்தில் ஒலிப்பகுப்பி என்பது பெட்டிக்குள் வைக்கப்பட்ட மின்பாகங்களின் தொகுப்பாகவே இருந்தது. கம்பிச்சுருள் தாழ்ந்த அதிர்வெண்களுக்கு வழிவிட்டு, உயர்ந்தவற்றைத் தடுக்கும். மின்தேக்கி அதற்கு நேர்மாறாகச் செயல்படும். இந்த முறை எளியது. இன்றும் பெரும்பாலான பெட்டிகளில் உள்ளது. எனினும், பாகங்கள் ஒருமுறை பற்றவைக்கப்பட்டால் வெட்டுப்புள்ளியை எளிதில் மாற்ற இயலாது. கம்பிச்சுருளில் ஒரு பகுதி ஆற்றலும் வெப்பமாக வீணாகும்.

இலக்கமுறை ஒலி வந்த பின் வேறொரு வழி பிறந்தது. 1982ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இசைக் குறுவட்டில், ஒவ்வொரு நொடி ஒலியும் ஒவ்வோர் அலைவரிசைக்கும் 44,100 எண்களாகப் பதியப்படுகிறது. ஒலி எண்ணாகிவிட்டால், அதனைப் பிரிப்பதும் கணக்காகிவிடுகிறது.

இதனை ஓர் எளிய எடுத்துக்காட்டால் உணரலாம். 10, −10, 10, −10 என்று விரைந்து மாறும் எண் வரிசையை எடுத்துக்கொள்க. அடுத்தடுத்த இரண்டு எண்களின் சராசரியைக் கண்டால் 0, 0, 0 என்றே வரும். விரைவான மாற்றம் மறைந்துவிட்டது. 10, 10, 9, 9 என்று மெல்ல மாறும் வரிசைக்குச் சராசரி கண்டால் 10, 9.5, 9 என்று வரும். மெதுவான மாற்றம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. வேகமாக மாறும் எண்களே உயர்ந்த ஒலி. மெதுவாக மாறும் எண்களே தாழ்ந்த ஒலி. சராசரி காண்பது என்னும் தொடக்கப்பள்ளிக் கணக்கே ஒரு சிறு சல்லடையாகிவிட்டது.

மென்பொருளில் பயன்படும் வடிகட்டி இதைவிடச் சற்று நுட்பமானது. இப்போது வந்த எண், அதற்கு முன் வந்த இரண்டு எண்கள், தான் ஏற்கெனவே கொடுத்த இரண்டு விடைகள் ஆகிய ஐந்தையும் அது எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கிக் கூட்டும். அந்த ஐந்து பெருக்கு எண்களை மாற்றினால் வெட்டுப்புள்ளி மாறிவிடும். பற்றவைப்புக் கருவி தேவையில்லை. திரையில் ஓர் எண்ணைத் திருத்தினால் போதும்.

கூட்டினால் ஒன்று வர வேண்டும்

ஒலியை ஓர் எல்லையில் கத்தியால் வெட்டுவதுபோல் பிரிக்க இத்தகைய வடிகட்டியால் இயலாது. ஒன்று மெல்லக் குறைய, மற்றொன்று மெல்ல ஏறும். எல்லையை ஒட்டிய பகுதியில் வூஃபர், டுவீட்டர் இரண்டுமே ஒலிக்கும். அங்கே இரண்டும் சேர்ந்து எவ்வளவு ஒலி தருகின்றன என்பதே முதன்மையான கேள்வி.

பிரிட்டன் இயற்பியலாளர் ஸ்டீபன் பட்டர்வொர்த் 1930ஆம் ஆண்டு வெளியிட்ட வடிகட்டி மிகச் சீரானது. ஆனால், வெட்டுப்புள்ளியில் அதன் ஒவ்வொரு பகுதியும் 0.707 பங்கு வீச்சைத் தரும். இரண்டும் ஒரே திசையில் அசையும்படி கூட்டினால் 1.414 வரும். அதாவது, அந்த இடத்தில் மட்டும் ஒலி புடைத்து நிற்கும்.

இதற்கு விடை கண்டவர்கள் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்தில் பணியாற்றிய இரண்டு பொறியாளர்கள். ஜெர்மனியில் பிறந்த சீக்ஃபிரிட் லிங்க்விட்ஸ் 1976ஆம் ஆண்டு இதனை ஆய்விதழில் எழுதினார். உடன் பணியாற்றிய ரஸ் ரைலியின் பெயரும் சேர்ந்து, இம்முறை லிங்க்விட்ஸ்-ரைலி எனப்படுகிறது. அவர்களின் வழி எளிமையானது: பட்டர்வொர்த் வடிகட்டி ஒன்றின் வழியே வந்த ஒலியை, அதே போன்ற இன்னொன்றின் வழியேயும் செலுத்துவது. 0.707ஐ 0.707ஆல் பெருக்கினால் 0.5 கிடைக்கும். வூஃபரில் அரைப்பங்கு, டுவீட்டரில் அரைப்பங்கு, கூட்டினால் ஒன்று.

பரவலாகப் பயன்படும் நான்காம் படி லிங்க்விட்ஸ்-ரைலி பகுப்பியில், இந்தக் கூட்டுத்தொகை எல்லா அதிர்வெண்களுக்கும் பொருந்துகிறது. வெட்டுப்புள்ளி 2,000 ஹெர்ட்ஸ் எனக் கொள்க. 4,000 ஹெர்ட்ஸ் அதன் இரு மடங்கு. இரண்டை நான்கு முறை எழுதிப் பெருக்கினால் 16. அந்த அதிர்வெண்ணில் வூஃபருக்கு 17இல் 1 பங்கும் டுவீட்டருக்கு 17இல் 16 பங்கும் செல்லும். 1,000 ஹெர்ட்ஸில் இதே பங்குகள் இடம் மாறும். எந்த இடத்தில் கணக்கிட்டாலும் கூட்டுத்தொகை 17இல் 17, அதாவது ஒன்றே. இரண்டு கருவிகளும் ஒரே நேரத்தில் முன்னே தள்ளி, ஒரே நேரத்தில் பின்னே இழுக்கின்றன. ஆகவே ஒன்றின் உழைப்பை மற்றொன்று கெடுப்பதில்லை.

ஊடக இயக்கிக்குள் இடம்

மீடியா பிளேயர் எனப்படும் ஊடக இயக்கி, கோப்பில் சுருக்கி வைக்கப்பட்ட ஒலியை விரித்து எண்களாக்கி, ஒலி அட்டைக்கு அனுப்பும் மென்பொருள். விரிக்கும் பகுதிக்கும் அனுப்பும் பகுதிக்கும் இடையில் வடிகட்டியைப் பொருத்தினால், ஊடக இயக்கியே ஒலிப்பகுப்பி ஆகிவிடும்.

இது ஏட்டளவில் நின்ற கருத்தன்று. எம்பிளேயர் என்னும் கட்டற்ற மென்பொருளில், தாழ்ந்த ஒலியை மட்டும் பிரித்துத் தனி அலைவரிசையாகத் தரும் வடிகட்டி சேர்க்கப்பட்டது. அதன் இயல்பான வெட்டுப்புள்ளி 60 ஹெர்ட்ஸ். 2000ஆம் ஆண்டு ஃபேப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் திட்டத்தில் இன்று முழுமையான ஒலிப்பகுப்பி வடிகட்டி உள்ளது. அது ஒலியை இரண்டாகவோ அதற்கு மேற்பட்ட பகுதிகளாகவோ லிங்க்விட்ஸ்-ரைலி முறையில் பிரிக்கும். பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள கல்லூரி ஒன்றின் மாணவர்கள் 1996ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்திலிருந்து பிறந்த வி.எல்.சி. இயக்கியும் தனித்தனித் தொகுதிகளால் கட்டப்பட்டது. 2001ஆம் ஆண்டு முதல் அதன் மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. மூலநிரல் திறந்திருப்பதால், தேவை உள்ளவர் தாமே புதிய தொகுதியை எழுதிச் சேர்க்கலாம். சேர்த்ததை உலகத்தோடு பகிரவும் செய்யலாம்.

கணினிக்கு இந்த வேலை சுமையாகுமா? நான்காம் படிப் பகுப்பிக்கு ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு வடிகட்டிகள் வேண்டும். இடம், வலம் என இரண்டு அலைவரிசைகள். ஒவ்வொன்றிலும் தாழ்ந்த பகுதி, உயர்ந்த பகுதி. மொத்தம் எட்டு வடிகட்டிகள். ஒவ்வொன்றிலும் ஐந்து பெருக்கல்கள். ஆக, 40 பெருக்கல்களை ஒரு நொடியில் 44,100 முறை செய்ய வேண்டும். அது 1,764,000 பெருக்கல்கள். மனிதருக்கு இது மலைப்பூட்டும் எண்ணாயினும், பல ஆண்டுகள் பழைய கணினிக்கும் இது எளிய வேலையே.

உண்மையான சிக்கல் வெளியீட்டில்தான் உள்ளது. வழக்கமான ஒலி அட்டையில் இரண்டு வெளியீடுகளே இருக்கும். இங்கு நான்கு தேவை. ஐந்து புள்ளி ஒன்று வகை ஒலி அட்டையில் ஆறு வெளியீடுகள் உண்டு. அதன் முன்வரிசை வெளியீடுகளை வூஃபர்களுக்கும் பின்வரிசை வெளியீடுகளை டுவீட்டர்களுக்கும் ஒதுக்கலாம். ஒவ்வொரு வெளியீட்டிற்கும் தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும்.

இரண்டு சிறிய ஒலி அட்டைகளைச் செருகிச் சமாளிக்கலாம் என்று சிலர் எண்ணக்கூடும். அது பிழையாகும். ஒவ்வோர் அட்டையும் தன் சொந்தப் படிகக் கடிகாரத்தின்படி இயங்கும். இரண்டு கடிகாரங்களும் பத்து இலட்சத்தில் இருபது பங்கு வேறுபட்டாலே, ஒரு மணி நேரத்தில் 72 மில்லி நொடி இடைவெளி விழும். அழகாகப் பிரிந்த ஒலி பிறகு சேரவே சேராது.

மலைக்காற்றில் பதினொரு எண்கள்

மென்பொருளில் கணக்கு சரியாக இருந்தாலும் ஒலி காற்றில்தான் பயணம் செய்ய வேண்டும். காற்றின் வெப்பநிலைக்கேற்ப ஒலியின் வேகம் மாறும். 32 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள சமவெளியில் அது நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். 18 பாகை குளிர் நிலவும் கேமரன் மலையில் அது ஏறத்தாழ 342 மீட்டர்.

இனி, ஒரு தோட்டத்து மண்டபத்தில் வூஃபரை விட டுவீட்டர் கேட்போருக்கு 8.5 சென்டிமீட்டர் அருகில் அமைந்துள்ளது என வைத்துக்கொள்வோம். மலைக்காற்றில் 2,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 17.1 சென்டிமீட்டர். ஆக, இந்த இடைவெளி ஏறத்தாழ அரை அலைநீளம். டுவீட்டர் முன்னே தள்ளும் நேரத்தில் வூஃபரின் அலை பின்னே இழுக்கும். வெட்டுப்புள்ளியில் அரையும் அரையும் சேர்ந்து ஒன்றாவதற்கு மாறாக, ஒன்றையொன்று அழித்துப் பூச்சியத்தை நெருங்கும். ‘வாள்’, ‘வாழ்’ ஆகியவற்றின் வேறுபாடு தங்கியிருக்கும் அதே இடத்தில் பள்ளம் விழுந்துவிடும்.

இதைச் சீராக்கப் பெட்டியை உடைத்துக் கட்ட வேண்டியதில்லை. 8.5 சென்டிமீட்டரைக் கடக்க ஒலிக்கு ஒரு மில்லி நொடியில் கால் பங்கு நேரம் ஆகும். அந்த நேரத்தில் ஓர் அலைவரிசையில் 11 எண்கள் கடந்துசெல்லும். டுவீட்டருக்குச் செல்லும் எண்களைப் பதினோர் இடம் தாமதித்து அனுப்பினால், இரண்டு அலைகளும் கேட்பவரைச் சேர்ந்தே அடையும். கம்பிச்சுருளாலும் மின்தேக்கியாலும் எளிதில் செய்ய முடியாத இவ்வேலையை மென்பொருள் ஒரு வரி நிரலில் செய்துவிடுகிறது.

கவனிக்க வேண்டியவை

மென்பொருளுக்கு நெகிழ்வு அதிகம்; ஆகவே பொறுப்பும் அதிகம். பழைய முறையில் மின்தேக்கி எப்போதும் டுவீட்டருக்குக் காவலாக நின்றது. மென்பொருள் முறையிலோ, ஊடக இயக்கி இடையில் நின்றுவிட்டாலும், அமைப்பை மாற்றும்போது கம்பிகள் இடம் மாறினாலும், முழு ஒலியும் டுவீட்டருக்குள் பாயக்கூடும். வலுவான உறுமி ஒலி ஒன்றே அதன் மெல்லிய சுருளைக் கருக்கிவிடப் போதும். எனவே, டுவீட்டருக்கு முன்னால் தக்க மின்தேக்கி ஒன்றைக் காவலுக்கு வைப்பதும், முதல் முறை இயக்கும்போது ஒலியளவை மிகக் குறைவாக வைப்பதும் அறிவுடைமை.

இன்னொன்றும் உண்டு. ஊடக இயக்கிக்குள் மட்டும் பகுப்பியை அமைத்தால், அதன் வழியே வரும் ஒலி மட்டுமே பிரியும். கணினியின் அறிவிப்பு மணியும் உலாவியில் ஓடும் காணொளியும் பிரியாமலே வெளிவரலாம். ஆகவே, இசை மட்டும் ஒலிக்கும் இடத்தில் இயக்கிக்குள் அமைப்பது போதும்; பலவகைப் பயன்பாடுள்ள கணினியில், இயங்குதளத்தின் ஒலி அமைப்பிலேயே பகுப்பியைப் பொருத்துவது பாதுகாப்பானது.

முடிவாக

ஒலிபெருக்கிகளுள் உயர்ந்தது, தாழ்ந்தது என்ற பேதமில்லை. வூஃபரால் ஆவதை டுவீட்டர் செய்ய இயலாது. டுவீட்டரால் ஆவதை வூஃபர் செய்ய இயலாது. அவரவர்க்கு ஏற்ற பணியைப் பகிர்ந்தளிப்பது ஒலிப்பகுப்பியின் பாதி வேலை. பகிர்ந்த பணிகள் காலத்தாலும் அளவாலும் ஒத்து, மீண்டும் ஒரே ஒலியாகச் சேர்வதை உறுதிசெய்வது மறுபாதி. பிரிக்கும் வடிகட்டியை எழுதியவுடன் வேலை முடிந்ததாகக் கருதுபவர் பாதி வழியில் நிற்கிறார்.

தோட்ட மண்டபத்திற்கு விலையுயர்ந்த புதிய கருவிகள் கிடைக்காமல் போகலாம். ஆனால், திறந்த மூலநிரலும், பழைய கணினி ஒன்றும், பெருக்கலும் கூட்டலும் அறிந்த மாணவரும் அங்கே இருக்க முடியும். அவர் செய்த அமைப்பு சரிதானா என்பதைச் சோதிக்கக் கருவிகள் பல உள்ளன. எனினும், எளிய சோதனை ஒன்று போதும்: ஒருவர் மேடையில் நின்று ‘வால், வாள், வாழ்’ என்று ஒலிக்கட்டும், கடைசி வரிசையில் இருப்பவர் கேட்டதை எழுதட்டும். மூன்று சொற்களும் பிழையின்றி வந்தால், பிரித்த ஒலி நன்றாகவே சேர்ந்திருக்கிறது.

சிந்தித்து விடையளித்திடுக

1. தேயிலையைச் சலிப்பதற்கும் ஒலியைப் பகுப்பதற்கும் உள்ள ஓர் ஒற்றுமையையும் ஒரு வேற்றுமையையும் எழுதுக.
2. வெட்டுப்புள்ளியில் ஏற்படும் பிழை தமிழ்ப் பேச்சை ஏன் பெரிதும் பாதிக்கும் என்பதை விளக்குக.
3. வெட்டுப்புள்ளி 2,000 ஹெர்ட்ஸாக இருக்கும்போது, 6,000 ஹெர்ட்ஸில் வூஃபருக்கும் டுவீட்டருக்கும் செல்லும் பங்குகளைக் கணக்கிட்டு, அவற்றின் கூட்டுத்தொகை ஒன்று என நிறுவுக.
4. இரண்டு தனித்தனி ஒலி அட்டைகளைப் பயன்படுத்துவது ஏன் பொருந்தாது?
5. ‘பிரிப்பதைவிடச் சேர்ப்பதே கடினம்.’ இக்கூற்றை உமது பள்ளியில் நடந்த ஒரு குழுப்பணியோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.